இணையதளத்தில் நெரிசல்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர், மண்டபத்தில் கருவாடு விற்பவர், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி அனுப்புபவர், விசைப்படகு உரிமையாளர் சங்கம், கீழக்கரையில் வெளிநாட்டுவாசிகளும் சேர்ந்து நடத்தும் ஊர் நலச் சங்கம் ஆகியோரின் தளங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வளர்கின்றன. எட்டுப் பத்து வருடம் முன்பு ஐந்து பக்கத்தில் தொடங்கியிருக்கும். பிறகு யார் எதைக் கொடுத்தாலும் மேலே மேலே ஏற்றியிருப்பார்கள், எதையும் இறக்கியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தளத்தைச் சீர் செய்யும்போது எழும் கேள்விகள் இவை.

எல்லாத் தகவலும் தளத்தில் இருக்கிறது. ஆனாலும் வாடிக்கையாளர் போன் போட்டுத்தான் கேட்கிறார். ஏன்?

தகவல்கள் நீங்கள் ஏற்றிய வரிசையில் கிடக்கின்றன. அவர் கேட்கும் வரிசை வேறு. இதைச் சரி செய்ய முதலில் வேண்டியது ஒரு நோட்டு. போன் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரம் வரும் ஒவ்வொரு அழைப்பிலும் முதல் கேள்வியை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். பிறகு ஒரே மாதிரிக் கேள்விகளுக்குக் கோடு போட்டு எண்ணுங்கள்.

கோயில் பக்கத்து லாட்ஜ் என்றால் பட்டியல் அநேகமாக இப்படித்தான் வரும்: கோயிலுக்கு எவ்வளவு தூரம், விடியற்காலை ரயிலில் வந்து இறங்கினால் அப்போதே ரூம் கிடைக்குமா, வேன் நிறுத்த இடம் உண்டா, ஆறு பேர் ஒரே ரூமில் தங்கலாமா, வெந்நீர் எத்தனை மணிக்கு. இப்போது உங்கள் முகப்பைத் திறந்து பாருங்கள். அங்கே நிறுவனர் படமும் ராமேஸ்வரத் தல வரலாறும் இருந்தால், போன் ஏன் அடிக்கிறது என்பது புரிந்துவிடும். அந்த நோட்டுதான் இனி வேலைக்கு அடிப்படை. கீழே வரும் பல பதில்களில் அது திரும்ப வரும்.

எங்கிருந்து கை வைப்பது?

முதலில் முழுத் தளத்தையும் காப்புப் பிரதி எடுங்கள். கோப்புகள் தனி, தரவுத்தளம் தனி. இரண்டையும் தளம் இருக்கும் சர்வரில் அல்லாமல் உங்கள் கணினியில் வையுங்கள். பிறகு ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: முகவரி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய தேதி, கடந்த 12 மாதத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், தகவலுக்கு யார் பொறுப்பு, என்ன செய்வது. ‘என்ன செய்வது’ என்ற கடைசிக் கட்டத்தில் நான்கு சொற்களுக்கு மேல் அனுமதிக்காதீர்கள்: வை, திருத்து, சேர், நீக்கு. ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஐந்தாவது சொல் நுழைந்தால் பாதிப் பக்கங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெனுவில் தெரியும் பக்கங்களை மட்டும் எண்ணி நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. மெனுவிலிருந்து எடுத்தும் அழிக்காமல் விட்ட பக்கங்களைக் கூகுள் இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். தள உரிமையாளருக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், அது எடுத்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியல் கிடைக்கும். அதையும் உங்கள் தாளையும் ஒத்துப் பாருங்கள்.

எதை நீக்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பார்வை குறைவு என்பது மட்டும் காரணமாகாது. யாரும் பார்க்காத பக்கம் கெடுதல் செய்வதில்லை. பார்க்கப்படுகிற தவறான பக்கம்தான் செய்கிறது. நம் பகுதியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ‘ரயில் ராமேஸ்வரம் வராது, மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் வாருங்கள்’ என்று எழுதி வைத்த பக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதை நம்பி ஒரு குடும்பம் பயணத்தையே மாற்றிக்கொள்ளும். அரிச்சல்முனைச் சாலை 2017-இல் திறந்த பிறகும் ‘முகுந்தராயர் சத்திரத்துக்கு மேல் கார் போகாது’ என்று சொல்லும் சுற்றுலாப் பக்கமும் அந்த ரகம்தான். போக்குவரத்து, கட்டணம், நேரம், தொலைபேசி எண் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று உள்ள பக்கங்களை முதலில் சரிபாருங்கள்.

நீக்கினால் கூகுளில் பின்னால் போய்விடாதா?

முறையாக நீக்கினால் போகாது. அதே விஷயம் வேறு பக்கத்தில் இருந்தால் 301 என்னும் நிரந்தரத் திருப்புதல் போடுங்கள். குறைந்தது ஒரு வருடம் அது இருக்க வேண்டும். எடுக்காமலே விட்டாலும் கெடுதல் இல்லை. ஈடான பக்கமே இல்லையென்றால் 410, அதாவது ‘நிரந்தரமாக எடுத்தாயிற்று’ என்ற பதிலைக் கொடுங்கள்.

நீக்கிய எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது பலரும் செய்யும் தவறு. அதைக் கூகுள் உண்மையான திருப்புதலாக எடுத்துக்கொள்ளாது, பக்கம் இல்லை என்றே கணக்கு வைக்கும். வந்தவரும் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்று குழம்புவார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அச்சடித்தவை. விசிட்டிங் கார்டு, ஆட்டோவின் பின்பக்கம், வரவேற்பு மேசையில் ஒட்டிய கியூஆர் கோடு, கருவாட்டுப் பாக்கெட் லேபிள் ஆகியவற்றில் எந்த முகவரி இருக்கிறதோ, அது எந்த நாளிலும் திறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் போனில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகே பழைய பக்கத்தைத் தொடுங்கள்.

மெனுவில் 17 இருக்கிறது. எத்தனைதான் இருக்கலாம்?

எண்ணைவிடப் பெயர்தான் முக்கியம். ஏழு தெளிவான பெயர்கள் நான்கு மங்கலான பெயர்களைவிட மேல். ‘சேவைகள்’, ‘தகவல்கள்’, ‘மற்றவை’, ‘பயனுள்ள இணைப்புகள்’ ஆகியவை எதையும் போட்டு மூடி வைக்கும் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கும் என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாத பெயர் மெனுவுக்கு ஆகாது.

பிரிப்பதற்குச் சீட்டு அடுக்கும் முறை ஒன்று போதும். பக்கத் தலைப்புகளை 30 முதல் 50 சீட்டுகளில் எழுதுங்கள், ஒரு சீட்டுக்கு ஒன்று. தளத்தைப் பயன்படுத்தக்கூடிய ஒருவரிடம் கொடுத்து, ‘சேர்ந்து இருக்க வேண்டியவற்றைக் கட்டுக் கட்டாக வையுங்கள், பிறகு கட்டுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. 15 பேர் கிடைத்தால் நல்லது, 8 பேரிலேயே போக்கு தெரியத் தொடங்கும். ஒரே சீட்டு ஆளுக்கு ஓர் இடம் போனால் அந்தத் தலைப்பே புரியவில்லை என்று பொருள். முதலில் தலைப்பை மாற்றுங்கள்.

விசைப்படகு உரிமையாளர் சங்கத் தளம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். நிர்வாகிகள் அடுக்கினால் ‘சுற்றறிக்கை’, ‘தீர்மானம்’, ‘அரசாணை’ என்று ஆவணத்தின் வகைப்படி கட்டு விழும். படகுக்காரர் அடுக்கினால் ‘டீசல் மானியம்’, ‘தடைக்கால நிவாரணம்’, ‘டோக்கன்’, ‘படகுப் பதிவு’ என்று வேலைப்படி விழும். மெனு படகுக்காரர் அடுக்கியபடிதான் இருக்க வேண்டும். டீசல் மானியத்துக்கான அரசாணையும் சுற்றறிக்கையும் படிவமும் ‘டீசல் மானியம்’ பக்கத்திலேயே ஒன்றாக இருக்கட்டும்.

17 இருந்த லாட்ஜ் மெனு இந்த முறையில் பெரும்பாலும் ஐந்துக்கு வந்து நிற்கும்: ரூம்கள் - வாடகை, வரும் வழி, கோயில் நேரமும் தீர்த்தமும், படங்கள், தொடர்புக்கு. நிறுவனர் வரலாறு, விருதுகள், பத்திரிகைச் செய்திகள் எல்லாம் ‘எங்களைப் பற்றி’ என்ற ஒரே பக்கமாகி அடிப்பகுதிக்குப் போகும்.

முகப்பில் என்ன இருக்க வேண்டும்?

நோட்டில் அதிகம் கோடு விழுந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில். போன் திரையில் விரலை ஒருமுறை தள்ளுவதற்குள் முதல் மூன்று தெரிந்துவிட வேண்டும்.

லாட்ஜுக்கு மாதிரியாக நான்கு வரி: ‘கிழக்குக் கோபுரத்திலிருந்து நடை … நிமிடம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் … கி.மீ. விடியற்காலை வருபவர்களுக்கு … மணி முதல் ரூம். வேன் நிறுத்தலாம், பெரிய பஸ் முடியாது.’ கடைசி வரியைக் கவனியுங்கள். ‘விசாலமான பார்க்கிங் வசதி’ என்பதைவிட ‘பெரிய பஸ் முடியாது’ என்பது ஆயிரம் மடங்கு உதவும். அது தெரியாமல் 50 பேரோடு வந்து நிற்பவரின் பாடு பெரும்பாடு.

இன்னொரு வரியும் சேர்க்கத் தகுந்தது. 22 தீர்த்தமும் ஆடியவர் ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்குப் போக முடியாது, மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தங்காமல் குளித்து உடை மாற்ற மட்டும் ரூம் தருவீர்களா, எத்தனை மணி நேரத்துக்கு, என்ன வாடகை? வெளியூர்க்காரர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. நீங்களே எழுதிவிடுங்கள்.

எடுக்க வேண்டியவை: ஓடும் எழுத்து, மின்னும் ‘புதிது’ படம், பார்வையாளர் எண்ணிக்கைப் பெட்டி, தானாக ஒலிக்கும் பாட்டு, திறந்தவுடன் மறைக்கும் வாழ்த்துப் பலகை. ஓடும் எழுத்தைப் படிக்கும் வேகத்தைப் படிப்பவர் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்று உலகளாவிய அணுகல்தன்மை விதி சொல்கிறது. மாறி மாறி வரும் படங்களிலும் இரண்டாவது படத்துக்கு மேல் பெரும்பாலோர் காத்திருப்பதில்லை. நல்ல படம் ஒன்றை நிலையாக வையுங்கள்.

சங்கத்தில் ஒவ்வொருவரும் தன் செய்தி முகப்பில் வர வேண்டும் என்கிறார்கள். யாரை மறுப்பது?

ஆளை மறுக்க வேண்டாம், இடத்தை அளந்து வையுங்கள். முகப்பில் அறிவிப்புக்கு நான்கு வரிதான் என்று கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிவிப்பும் இறங்கும் தேதியோடு மட்டுமே ஏறும். கொடுப்பவரே அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வந்தால் எது முதலில் முடிகிறதோ அது உள்பக்கத்துக்குப் போகும். கந்தூரி, திருவிழா, பரிசளிப்பு முடிந்ததும் படங்கள் ‘நிகழ்ச்சிகள்’ பக்கத்தில் ஆண்டு வாரியாகச் சேரட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைத் தேடித்தான் வருகிறார்கள், ஆகவே அந்தப் பக்கத்தை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஊரோடு அவர்களுக்கு இருக்கும் கயிறு அது.

தளத்தில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஆனால் கூகுளில் தேடினால் வரவில்லை.

ஒரு வரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. தேடுபொறிக்கும், பார்வையற்றோருக்காக வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது தமிழே அல்ல. எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை அப்படியே ஏற்றாதீர்கள். பிழை விழும் இடங்கள் பழகிய இடங்கள்தான்:

- பத்தியின் நடுவே இருந்த உண்மையான ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் தமிழ்க் குப்பையாக மாறும். மாற்றும் முன் அவற்றை வெட்டித் தனியே வையுங்கள்.
- பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. உண்மையாகவே அரைப்புள்ளி வர வேண்டிய இடங்களில் புள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும்.
- ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியுமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். மாற்றியபின் புள்ளிவட்டத்தோடு, அதாவது புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தோடு, பிரிந்து நிற்கும்.
- ‘ஔ’, ‘கௌ’ வரிசையில் இறகுக்குப் பதிலாக ‘ள’ வந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் மட்டும் தவறும்.

ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொள்வதுதான் நம்பகமான சரிபார்ப்பு. புள்ளிவட்டத்தைக் கண்ணால் தேடினால் பாதிப் பிழை ஒரே நேரத்தில் மாட்டும்.

மாற்றிய பிறகு எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையாமலும் வரி உயரம் எழுத்தின் 1.6 முதல் 1.8 மடங்கும் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.3-இல் மேல் வரியின் கீழ்க்கொம்பும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். ‘முன்பதிவு செய்ய’ என்பது ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டிய பொத்தானில் அடங்காது.

அறிவிப்பை நோட்டீஸாக அடித்ததைப் படமாகவே போடலாமா?

படமும் இருக்கலாம், அதன் கீழே அதே விஷயம் எழுத்தாகவும் இருக்க வேண்டும். படத்துக்குள் இருக்கும் தேதியை நகல் எடுக்க முடியாது, எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, போனில் விரித்து விரித்துத்தான் படிக்க வேண்டும். பிடிஎஃப் அச்செடுக்க வேண்டிய படிவத்துக்கு மட்டும். அதன் அளவைப் பக்கத்தில் எழுதுங்கள்.

தளம் திறக்க நேரமாகிறது.

பத்தில் ஒன்பது தடவை காரணம் படங்கள். போனில் எடுத்த படம் ஒன்று சுமார் 4 எம்பி. அப்படியே 20 ஏற்றினால் ஒரு பக்கம் 80 எம்பி. அதே படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் சேமித்தால் ஏறத்தாழ 150 முதல் 250 கேபிக்குள் வரும், 20 படமும் சேர்ந்து 5 எம்பிக்கு மேல் போகாது. கீழே உள்ள படங்கள் திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறங்கும்படி வைக்கலாம். முதல் பெரிய படத்துக்கு அதைப் போடாதீர்கள். போட்டால் அதுவே தாமதமாகும். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை நிரலில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும், தொட நினைத்தது ஒன்று, விரல் படுவது வேறு.

கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்: முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்குப் பதில் 200 மில்லி நொடிக்குள் வர வேண்டும், குதிப்பின் மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கருவி இவற்றை இலவசமாக அளந்து தரும்.

போனில் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மதியம் 12 மணிக்கு அக்னி தீர்த்தக் கரையில் நின்று திறந்து பாருங்கள். வெள்ளை மேல் இளஞ்சாம்பல் எழுத்து மறைந்துபோகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்ற விதியின் அருமை அங்கே தெரியும். கை ஈரமாக இருந்தால் விரல் சரியாகப் படாது. தொடும் பொத்தான் குறைந்தபட்சம் 24 பிக்சல் என்பது விதி, 44 முதல் 48 வைத்தால் நிம்மதி. அழைப்பு எண் தொட்டவுடன் டயல் ஆகிறதா, +91 சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கருவாட்டுக் கடைத் தளத்தில் 120 பொருள் இருக்கிறது. வாங்குபவர் குழம்புகிறார்.

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நெத்திலி 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ, உப்புப் போட்டது, உப்பில்லாதது என்று தனித்தனிப் பக்கம் இருந்தால் ஒரே பொருள் ஆறாகத் தெரியும். நெத்திலிக்கு ஒரே பக்கம், உள்ளே எடையும் உப்பும் தேர்ந்தெடுக்கும் வசதி என்று மாற்றினால் 120 என்பது முப்பது நாற்பதுக்கு இறங்கிவிடும்.

அடுத்தது பெயர். இந்தக் கரையில் சீலா என்பது சென்னைக்காரருக்கு வஞ்சிரம். தலைப்பிலேயே ‘சீலா (வஞ்சிரம்) கருவாடு’ என்று இரண்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெயரை விட வேண்டாம், அதைக் கேட்டு வாங்குபவர் வெளியூரில் குடியேறிய நம் ஆட்கள்.

ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரே வரிசையில் ஒரே விவரங்கள் வேண்டும்: தலை எடுத்ததா, உப்புச் சேர்த்ததா, முழு மீனா துண்டா, எத்தனை நாள் தாங்கும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண், எந்த ஊர்களுக்கு எத்தனை நாளில் போகும். மணம் வெளியே வராதபடி எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்கு ஒரு படம் போடுங்கள். அடுக்குமாடியில் வாங்குபவரின் முதல் தயக்கம் அதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சில வகை கிடைக்காது, விலையும் ஏறும். சரக்கு இல்லாத பக்கத்தை அழிக்காதீர்கள். அழித்தால் கூகுளில் பிடித்த இடமும் போகும். ‘தடைக்காலம், ஜூன் கடைசியில் வரும்’ என்று எழுதி, வந்ததும் வாட்ஸ்அப்பில் சொல்லும் பொத்தான் வையுங்கள்.

விலையை ஒரு இடத்தில் மாற்றினால் இன்னொரு இடத்தில் பழையதே இருக்கிறது.

ஒரு தகவலுக்கு ஒரே வீடு. வாடகை ‘ரூம்கள்’ பக்கத்தில் மட்டும் எண்ணாக இருக்கட்டும், மற்ற இடங்களில் அதற்கு இணைப்பு. எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும், ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் எவ்வளவு என்பதையும் தனி வரியில் எழுதுங்கள்.

இந்திக்காரர்களும் வருகிறார்கள். மூன்று மொழியிலும் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். வாடகை, வரும் வழி, தொடர்பு ஆகிய மூன்று பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் கலக்காதீர்கள். மொழி மாற்றும் இணைப்பு அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்க வேண்டும். கொடிப் படம் மொழியைக் காட்டாது.

தேடல் பெட்டி தேவையா?

நாற்பது பக்கத்துக்குக் குறைவென்றால் தேவையில்லை. இருந்தால் ராமேஸ்வரம், இராமேஸ்வரம், ராமேசுவரம் மூன்றும் ஒரே விடை தர வேண்டும். விடை கிடைக்காத தேடல்களை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

படிவம் நிரப்பினார்களாம், எங்களுக்கு வரவே இல்லை.

தளத்தின் சர்வர் நேரடியாக அனுப்பும் மின்னஞ்சலுக்கு அனுப்புநர் உறுதி இல்லாததால் ஸ்பேமில் விழுகிறது. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் முறை) வழியாக அனுப்பும்படி மாற்றுங்கள், ஒவ்வொன்றின் நகலும் தளத்திலேயே சேமிக்கப்படட்டும். படிவத்தில் கேட்க வேண்டியது நான்கு: பெயர், எண், வரும் தேதி, எத்தனை பேர். முகவரியும் பின்கோடும் அவர் நேரில் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றியது சரிதானா என்று எப்படித் தெரியும்?

ஐந்து பேரை, ஒவ்வொருவராக, அவரவர் போனில் உட்கார வையுங்கள். வேலை கொடுங்கள்: ‘தை அமாவாசைக்கு நாலு பேருக்கு ரூம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்.’ முதலில் எங்கே தொடுகிறார், முடித்தாரா, எத்தனை நொடி ஆனது என்று குறியுங்கள். உதவி செய்யாதீர்கள். கைதான் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்க வேண்டாம், நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைத் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி பாருங்கள்.

வேலையை எப்போது செய்வது நல்லது?

லாட்ஜ் என்றால் கோடை விடுமுறைக்கும் ஆடி, தை அமாவாசைக்கும் முந்தின மூன்று வாரம் எதையும் தொடாதீர்கள். படகுச் சங்கம் என்றால் தடைக்காலமே சரியான காலம். உறுப்பினர்கள் கரையில் இருப்பார்கள், சீட்டு அடுக்கவும் சோதிக்கவும் ஆள் கிடைக்கும். ஐம்பது பக்கத் தளத்துக்கு, தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஆறு வாரம் பிடிக்கும்.

திரும்பவும் குப்பை சேராமல் இருக்க?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே எக்செல் தாளைத் திறந்து, கட்டணம், நேரம், போக்குவரத்து, எண் நான்கையும் சரிபாருங்கள். புதுப் பக்கம் ஏற்ற ஒருவருக்கே அனுமதி இருக்கட்டும். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்த தம்பியின் சொந்த மின்னஞ்சலில் இருந்து, அவர் துபாய்க்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களுக்கு வராது. அவர் தொடர்பில் இருக்கும்போதே கணக்கை லாட்ஜின் அல்லது சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி, முடிவுத் தேதியை அலுவலகக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.